பெயர்ப்பலகை

ஹல் நகரத்துப் பேருந்து நிலையம், காலை ஐந்து ஐம்பது.
ஓட்டுநர் இருக்கையில் பெவர்லி ஹெசல்வுட்.
அவள் தலைக்கு மேலே, கண்ணாடிக்கு வெளியே,
மஞ்சள் விளக்கில் போகும் ஊர்: பெவர்லி.
"உன்னிடத்துக்கே வண்டி ஓட்டுகிறாயா?" என்று
தினமும் யாராவது கேட்பார்கள்.
தினமும் முதல்முறை கேட்டவள் போலச் சிரிப்பாள்.
சம்பளத்தில் அதுவும் சேர்த்தி.

பெயர் வந்த கதை பெரிதில்லை.
அறுபத்து நான்காம் வருடம், பிப்ரவரி.
பிரசவ விடுதி ஜன்னலில் உள்ளங்கையால்
ஆவியைத் துடைத்த அம்மா
முதலில் படித்த எழுத்து
எதிர்ச்சாலைப் பேருந்தின் நெற்றியில் இருந்தது.
அப்பாவுக்கு மேவிஸ் என்று ஆசை.
ஐஸ்லாந்துப் பக்கம் மீன்பிடிக் கப்பலில் இருந்தார்,
கேட்க வழியில்லை.

பள்ளியில் ஒரே வகுப்பில் நான்கு பெவர்லிகளாம்.
ஆசிரியை கூப்பிட்டால் நான்கு நாற்காலிகள் கிறீச்சிடும்.
இன்று எந்தத் தொட்டிலிலும் அந்தப் பெயர் காணோம்.

பொருள் தேடியவன் நான்.
கேரவன் தொழிற்சாலையில் இரவெல்லாம் ஜன்னல் பொருத்திவிட்டு
முதல் வண்டியில் வீடு திரும்புகிறவன்.
படிக்க எனக்கு வாய்த்தது அந்த எட்டு மைல்தான்.

பெவர் என்றால் பீவர்.
துடுப்பு வால், ஆரஞ்சுப் பல்,
மரத்தைப் பென்சிலாகச் சீவுகிற பிராணி.
மிச்சமிருக்கும் லி-யில் அறிஞர்களுக்குள் அடிதடி:
ஓடை என்கிறார்கள், குளம் என்கிறார்கள்.
எப்படியோ ஈரம்.

ஆயிரம் வருடத்துக்கு முன்
யாரோ ஒருவன் சேற்றில் நின்று
"பீவர் இருக்குதே, அங்கே" என்று கை காட்டியிருக்கிறான்.
கை காட்டிய இடம் ஊரானது.
ஊரை விட்டுப் போனவன் முதுகில்
ஊர் ஒட்டிக்கொண்டு போய்க் குடும்பப் பெயரானது.
பிறகு ஆண்பிள்ளைகளுக்கு இட்டார்கள்.
அவர்களுக்குச் சலித்ததும் பெண்பிள்ளைகளுக்கு வந்தது,
அண்ணன் சட்டை தங்கைக்கு வருவதுபோல.
பெயர் என்ற சொல்லுக்குள்ளேயே
பெயர்ந்துபோவதும் இருக்கிறது அல்லவா.

பிராணிதான் எங்கும் போகவில்லை.
தொப்பியானது.
நோன்பு நாளில் வாலை மீன் என்று சொல்லித் தின்றார்கள்.
தோலை உரித்தவர்கள் பெயரை விட்டுவைத்தார்கள்,
அதற்குச் சந்தையில் விலையில்லை.

இதையெல்லாம் ஒருநாள் நிறுத்தத்தில் சொன்னேன்.
"அறுபது வருஷமா நான் ஒரு பெரிய எலியா?" என்றாள்.
பக்கக் கண்ணாடியில் பல்லைப் பார்த்துக்கொண்டாள்.
"நல்ல பல்தான். ஏறு, நேரமாச்சு."

போன மார்ச்சில்,
வடக்கே ஏதோ வேலியைத் தாண்டி வந்ததோ
இரவில் யாராவது கொண்டுவந்து விட்டார்களோ,
வயலோர வாய்க்காலில் வில்லோக் கிளைகள் குறுக்கே விழுந்தன.
தண்ணீர் யோசித்தது, சாலைக்கு ஏறியது.

ஆறு பத்துக்கு வண்டி நின்றது.
உள்ளே ஒரு செவிலி,
பள்ளிக்கூடம் கூட்டப் போகும் இருவர், நான்.
எதிரே சாலை இல்லை, தட்டையான வானம்தான் கிடந்தது.
சரிந்த மரத்தின் நுனி கூராக,
வெட்டுவாயில் இன்னும் பால்வெள்ளை.
எங்கள் மஞ்சள் எழுத்துகள்
தலைகீழாகத் தண்ணீரில் விழுந்திருந்தன.

அந்த எழுத்துகளைக் கிழித்துக்கொண்டு
ஒரு தலை வந்தது.
அவசரமே இல்லை.
நடுச்சாலையில் ஒருமுறை வாலால் அறைந்தது,
செவிலியின் காப்பி மடியில் சிந்தியது.

கட்டுப்பாட்டு அறைக்குப் பேசினாள்.
"சாலை மூடியிருக்கு, டெரன்ஸ்."
"காரணம்?"
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
"பெவர்லி," என்றாள்.
"உன் பேர் எனக்குத் தெரியும் பெவ்.
காரணத்தைச் சொல்."

அவள் பதில் சொல்லவில்லை.
முன்விளக்கை மட்டும் தணித்தாள்,
அதன் கண் கூசிவிடக் கூடாதென்று.